ஒளியை உடைத்து வரைந்த ஓவியர் ககனேந்திரநாத் தாகூர்

தாகூர் என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது இரவீந்திரநாதரின் நீண்ட தாடியும் கீதாஞ்சலியும்தாம். கலை வரலாறு கற்றோர் அவர்தம் உறவினரான அவனீந்திரநாதரையும் அறிவர். இவ்விரு பெருமரங்களின் நிழலில் நின்ற மூன்றாமவர் ஒருவர் உண்டு. இந்திய மண்ணில் கியூபிசம் எனப்படும் கனவடிவப் பாணியை முதன்முதலில் கையாண்டு, அதனைத் தம் கனவுகளுக்கு ஏற்றவாறு வளைத்துக்கொண்ட ககனேந்திரநாத் தாகூர் அவர். நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் ஓர் ஓவியர் எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். அவர் வாழ்வில் எழுந்த வழக்கும் தமிழிலக்கியத்தில் நாம் இன்றும் நடத்திக்கொண்டிருக்கும் வழக்கும் ஒன்றே என்பது என் துணிபு. வேற்று நாட்டு வடிவம் ஒன்றை ஏற்றுக்கொள்பவன் படைப்பாளியா, படியெடுப்பவனா என்பதே அவ்வழக்கு.

கல்கத்தாவின் ஜோராசாங்கோ பகுதியில் தாகூர் குடும்பத்திற்கு அடுத்தடுத்து இரு பெருமனைகள் இருந்தன. ஆறாம் எண் வீடு தேவேந்திரநாதர் வழியினருடையது. அங்கே பிரம்ம சமாஜ நெறி ஓங்கியிருந்தது. ஐந்தாம் எண் வீடு அவர்தம் இளவல் கிரீந்திரநாதர் வழியினருடையது. இவர்கள் பழைய வழிபாட்டு முறைகளைக் கைவிடாதவர்கள். கிரீந்திரநாதரின் மகன் குணேந்திரநாதருக்கு மூத்த மகனாக 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ககனேந்திரர் பிறந்தார். அவர்க்கு இளையோர் சமரேந்திரர், 1871இல் பிறந்த அவனீந்திரர், 1875இல் பிறந்த தங்கை சுனயனி தேவி ஆகியோர். இரவீந்திரர் இவருக்கு ஆறாண்டே மூத்தவர். எனினும் உறவு முறையால் சிற்றப்பா. ஒரே முற்றத்தில் விளையாடக்கூடிய வயதினர் ஒருவரைச் சிற்றப்பா என்று அழைப்பது நம் கூட்டுக் குடும்பங்களிலும் காணக்கூடியதே.

1881இல் தந்தையார் மறைந்தார். ககனேந்திரருக்கு அப்போது பதினான்கு வயது. மூத்த பிள்ளையின் தோளில் குடும்பப் பொறுப்பு வந்து விழுந்தது. நிலபுலக் கணக்கு, வழக்கு, விருந்தோம்பல், தம்பி தங்கையர் திருமணம் என ஆண்டுகள் சென்றன. இளமையில் நீர்வண்ணப் பயிற்சி சிறிது பெற்றிருந்தார். ஆயினும் ஓவியராக அவரை எவரும் அறிந்திலர். தம்பி அவனீந்திரர் ஓவிய உலகில் பெயர் பெற்று, 1905இல் பாரத மாதா படத்தை வரைந்து வங்கம் முழுதும் பேசப்பட்டபோது, அண்ணனுக்கு வயது முப்பத்தெட்டு. பெரும்பாலோர் ஆசை அடங்கி உட்காரும் அகவை அது. அக்காலத்தில்தான் அவர் தூரிகையை முழுமனத்தோடு கையிலெடுத்தார்.

அதற்குப் பின்னணியாக ஒரு துயரம் உண்டு. அவருடைய மூத்த மகன் இளம் வயதிலேயே இறந்துபோனான். ஆறுதல் தேடிய குடும்பத்தினர் வீட்டில் புராணக் கதை சொல்பவரை அமர்த்தினர். கதை கேட்க வந்தோர் கண்மூடி உருகுவதையும், கதை சொல்பவர் கையசைத்துப் பாடுவதையும் ஓரமாக அமர்ந்து ககனேந்திரர் கோடுகளாக்கினார். மகனை இழந்த தந்தை கதையைக் கேட்டதினும் கேட்போர் முகத்தைப் பார்த்ததே மிகுதி போலும். பின்னர் கீர்த்தனைகளில் தோய்ந்து சைதன்யர் வாழ்வைப் படத்தொடராக வரைந்ததற்கும் இவ்வகைக் கேள்வியனுபவமே வித்து எனலாம்.

இன்னொரு வாயிலும் திறந்தது. ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா 1902இல் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த ஆண்டு யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஓவியர் இருவர் வந்தனர். ஒரே மையை அடர்த்தியாகவும் நீர்த்தும் பயன்படுத்தி, ஒரு வீச்சில் பறவையையும் மூடுபனியையும் கொண்டுவரும் அவர்தம் கைத்திறனை இரு தம்பியரும் அண்ணனும் அருகிருந்து பார்த்தனர். அவனீந்திரர் அதிலிருந்து வண்ணத்தைக் கழுவிக் கழுவி மென்மையாக்கும் முறையை வகுத்துக்கொண்டார். ககனேந்திரரோ மையையே பற்றிக்கொண்டார். அவர் வரைந்த காக்கைகளைக் காண்க. வேறெவரும் அழகற்றதென ஒதுக்கும் பறவை அது. நம் வீட்டுக் கூரையில் அமர்ந்து சோற்றுக்குக் கரையும் அதே காக்கைதான். கழுத்தின் சாய்விலும் அலகின் முனைப்பிலும் அதன் கூர்த்த மதி முழுவதையும் கருமையின் பல படிகளால் காட்டிவிடுகிறார். 1912இல் இரவீந்திரரின் தன்வரலாறான ஜீவன்ஸ்மிருதி நூலாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் இவரே. விளக்கொளியில் நீளும் நிழல், தூண் மறைவு, மழைநாள் மாடம் ஆகியவை அப்படங்களை நிறைக்கின்றன. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான ஊடல் அவர் கண்ணை அப்போதே பற்றியிருந்தது என்பதற்கு அவை சான்று. பின்னாளையப் பாணியை விளங்கிக்கொள்ள இக்குறிப்பு இன்றியமையாதது.

ஐந்தாம் எண் வீட்டின் தெற்குத் தாழ்வாரம் வங்கக் கலை வரலாற்றில் ஒரு திண்ணைப் பள்ளி. மூன்று சகோதரரும் அங்கே வரிசையாக அமர்ந்து வரைவர், படிப்பர், புகை பிடிப்பர். வருவோர் போவோர்க்குத் தடையில்லை. இந்த வீட்டிலிருந்துதான் 1907இல் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் உருப்பெற்றது. சங்கத்தின் ரூபம் என்னும் இதழ் 1920 முதல் ஓ. சி. கங்கோலியை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. தாம் வாழ்ந்த மனையில் நிறைந்திருந்த ஐரோப்பிய அறைகலன்களை அகற்றிவிட்டு, நம் நாட்டு முறையில் தாழ்வான இருக்கைகளையும் திரைகளையும் ககனேந்திரர் தாமே வடிவமைத்து அமைத்தார். வங்கக் கைத்தொழில்களைப் பேணுதற்கென எழுந்த அமைப்பிலும் முன்னின்று உழைத்தார். சுதேசியம் என்பதை மேடைப் பேச்சாக்காமல் உட்காரும் பலகையிலிருந்து தொடங்கியவர் அவர். தம் வீட்டில் இரவீந்திரர் நாடகங்கள் அரங்கேறியபோது நடித்தார், அரங்கமும் அமைத்தார். 1917இல் அஞ்சலகம் என்னும் பொருள்படும் டாக்கர் நாடகத்தில் மாதவனாக வந்தவர் இவர்தாம். இந்த அரங்கப் பயிற்சி அவர் ஓவியத்திற்குள் எவ்வாறு புகுந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

சிரிப்பும் சினமும்

அக்காலத்தில் அவரிடமிருந்து வெளிப்பட்டவை கேலிச் சித்திரங்கள். அமைதியானவர், குரல் உயர்த்திப் பேசாதவர் என்று பெயர் பெற்றவரின் தூரிகையில் இத்துணை நஞ்சு எங்கிருந்து வந்ததென்று வியக்கத் தோன்றும். கல்லச்சு எந்திரம் ஒன்றைத் தம் வீட்டிலேயே நிறுவி அவற்றை அச்சிட்டார். அத்புத லோக், 1917இல் வெளியான விரூப் வஜ்ர, 1921இல் வெளியான நவ ஹுல்லோட் என மூன்று தொகுதிகள் உண்டு. பாதி உடல் வேட்டியும் பாதி உடல் துரையின் உடுப்புமாகத் திரியும் வங்காளக் கனவான் ஒரு படத்தில் வருகிறான். இன்னொன்றில் பல்கலைக்கழகம் ஓர் எந்திரமாகி மாணவர்களை நசுக்குகிறது. சாதி என்னும் திரிகைக்கல்லில் மக்கள் அரைபட, மேலே வைதிகன் வீற்றிருக்கும் படம் மற்றொன்று. 1919ஆம் ஆண்டுப் பஞ்சாப் படுகொலையை அடுத்து, அங்கே அமைதி நிலைநாட்டப்பட்டது என்னும் அரசின் கூற்றையே தலைப்பாக்கி வரைந்த படம் கேலி என்னும் எல்லையைத் தாண்டிவிட்டது. அதில் நகை இல்லை.

வங்க ஆளுநர்களான கார்மைக்கேல் பிரபுவும் ரொனால்ட்ஷே பிரபுவும் இவர் வீட்டிற்கு வந்து போனவர்கள், இவர் கலையை மதித்தவர்கள். அத்தகைய நட்பு இருந்தும் ஆட்சியாளரை அவர் விட்டுவைக்கவில்லை. தம் இனத்துச் செல்வரையும் வைதிகரையும் அதனினும் கடுமையாகச் சாடினார். தமிழில் இதற்கு இணை தேடுவோர் பாரதியாரை நினைக்கலாம். 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழில் கருத்துப் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டுத் தமிழ் இதழியலில் அவற்றுக்கு வழி திறந்தவர் அவரே. பாரதியார் மறைந்த 1921ஆம் ஆண்டிலேதான் ககனேந்திரரின் மூன்றாம் தொகுதி வெளிவந்தது. ஒருவரையொருவர் அறியாது இருவரும் ஒரே பணியைச் செய்திருக்கின்றனர்.

கனவடிவம் வந்த வழி

இனிக் கியூபிசத்திற்கு வருவோம். 1906இல் மறைந்த செசான் என்னும் பிரெஞ்சு ஓவியர் இயற்கையின் வடிவங்களைத் திண்மையான அடிப்படை உருவங்களாகக் கண்டு வரைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து பிக்காசோ 1907இலும் பிராக் 1908இலும் தொடர்ந்தனர். பிராக் வரைந்த வீடுகளைப் பார்த்த திறனாய்வாளர் ஒருவர் எல்லாம் கனசதுரமாய் இருக்கின்றனவே என்று எள்ளப்போய், அந்த எள்ளலே பாணியின் பெயராயிற்று. அதன் உட்கருத்து எளியது. ஒரு மேசையையோ முகத்தையோ ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது ஒரு பக்கந்தான் தெரியும். அப்பொருளை நாம் அறிந்திருப்பதோ பல பக்கங்களிலிருந்து. அப்பல பக்கங்களையும் உடைத்து ஒரே பரப்பில் வைப்பதே கியூபிசம். நம் அக இலக்கியத்தில் ஒரே பிரிவைத் தலைவி ஒரு பாட்டிலும் தோழி ஒரு பாட்டிலும் செவிலி ஒரு பாட்டிலும் கூறுவர். அம்மூவர் கூற்றையும் அடுக்கடுக்காக வெட்டி ஒரே பாட்டில் பதித்தால் எப்படியிருக்கும்? ஏறத்தாழ அது கியூபிசம். வகுப்பில் இவ்வாறு விளக்கியபோது மாணவியர் படத்தை வெறுக்காமல் பார்த்தனர் என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.

ஐம்பத்து நான்கு வயதை எட்டிய நிலையில், 1921ஐ ஒட்டி, ககனேந்திரர் இப்பாணியில் வரையத் தொடங்கினார். வியன்னாவில் பயின்று அக்காலத்தில் இந்தியா வந்திருந்த கலை அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் 1922இல் ரூபம் இதழில் இவரை இந்தியாவின் கியூபிச ஓவியராக அறிமுகம் செய்து கட்டுரை வரைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியினர் படைப்புகள் கல்கத்தாவில் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பால் கிளே, கண்டின்ஸ்கி முதலியோர் படங்கள் ஐரோப்பாவைவிட்டு இத்துணைத் தொலைவு வந்தமை பெரு நிகழ்ச்சியே. அவற்றுடன் ககனேந்திரர் படங்களும் சுனயனி தேவியின் படங்களும் இடம்பெற்றன. அக்கண்காட்சியைக் கண்டே இவர் மாறினார் என்று கூறுவோர் ஆண்டு வரிசையை நோக்குதல் வேண்டும். கிராம்ரிஷின் கட்டுரை முந்தியது, கண்காட்சி பிந்தியது. கல்கத்தா அன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் நூலும் இதழும் வந்து இறங்கும் நகரம். 1923இல் பெர்லினில் நடைபெற்ற இந்திய ஓவியக் கண்காட்சியிலும் இவருடைய படங்கள் வைக்கப்பெற்றன.

அவர் கியூபிசத்தைக் கொண்டு செய்தது என்ன? இங்கேதான் நாம் நின்று பார்க்கவேண்டும். பிக்காசோவின் பழுப்பு நிற மேசைகளும் கித்தார்களும் இவரிடம் இல்லை. பொருளைப் பகுத்தறிவது அவர் நோக்கமன்று. அவர் உடைத்தது பொருளையன்று, ஒளியை. சுவர்கள் சாய்கின்றன. படிக்கட்டுகள் மேலேறிப் பாதியில் திரும்புகின்றன. கதவு திறக்கும் இடத்தில் இன்னொரு கதவு. எங்கிருந்தோ ஓர் ஒளிக்கற்றை கத்திபோல் இறங்கி அறையை முக்கோணங்களாக வெட்டுகிறது. அவ்வெளிச்சத்தின் விளிம்பில் முக்காடிட்ட பெண்ணுரு ஒன்று நிற்கிறது. வளையல் துண்டுகளையும் மூன்று கண்ணாடிப் பட்டைகளையும் குழாயிலிட்டுத் திருப்பிப் பார்க்கும் கலைடாஸ்கோப்பைச் சிறுவயதில் பலரும் கண்டிருப்பர். அந்தக் குழாயினுள்ளே ஒரு வீடும் அதில் ஓர் இளவரசியும் இருந்தால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு தோன்றுகின்றன பல படங்கள்.

துவாரகாபுரி என்னும் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணன் ஆண்டு, கடல் கொண்ட நகரம் அது. மாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து அடுக்கியிருக்கின்றன. எழுகின்ற நகரமா, அமிழ்கின்ற நகரமா என்று சொல்ல இயலவில்லை. நேர்க்கோட்டு முறையில் வரையப்பட்ட கட்டடத்தில் இவ்வையம் எழாது. வடிவம் உடைந்ததால்தான் காலமும் உடைந்து, இருந்த நகரும் இழந்த நகரும் ஒருசேரத் தெரிகின்றன. கடல்கோளில் பட்டினங்களை இழந்ததாகக் கதை சொல்லும் மொழியினர்க்கு இப்படம் தனியே ஒன்று சொல்லும். சாத் பாய் சம்பா என்னும் படமோ வங்கப் பாட்டிமார் கதை. ஏழு உடன்பிறந்தார் சண்பகப் பூக்களாகி நிற்க, தங்கை அவர்களை அழைக்கும் கதையது. பாரிசில் பிறந்த வடிவம் பாட்டி கதைக்கு உடம்பாயிற்று. படிக்கட்டுச் சந்திப்புப் படங்களில் நாடக அரங்கம் தெளிவாகத் தெரிகிறது. திரை, பக்கத் தட்டி, மறைவிலிருந்து விழும் விளக்கொளி ஆகிய அனைத்தும் டாக்கர் நாடகத்திற்கு அரங்கமைத்தவரின் கைப்பழக்கமே. 1924இல் இரவீந்திரரின் ரக்தகரபி நாடகத்தின் ஆங்கில வடிவத்திற்குப் படம் வரைந்தவரும் இவர்தாம். வலைக்குப் பின்னால் மறைந்திருந்து ஆளும் அரசனின் கதைக்கு இவ்வுடைந்த வெளிகளைவிடப் பொருத்தமான உருவம் கிடைத்திருக்காது.

எல்லாம் சிறந்தவை என்று நான் கூறவரவில்லை. சில சிறு படங்களில் வண்ணக்கூறுகள் அழகுக்காகவே அடுக்கப்பட்டு, உள்ளீடின்றி இனிக்கின்றன. கையளவு தாளில் வரைந்தமையால் அழுத்தம் குறைந்தவையும் உள. ஆனால் ஒருவரின் உயரத்தை அவர் தாழ்ந்த இடத்தில் அளத்தல் முறையாகாது.

அந்த அளவைக் குற்றத்தைத்தான் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேய அறிஞர் செய்தார். இந்தியாவும் நவீன கலையும் என்னும் பொருளில் 1959இல் அவர் எழுதிய நூலில், ககனேந்திரரின் படங்களில் கியூபிசத்தின் கட்டுறுதியோ ஆற்றலோ இல்லை, ஒட்டவைத்த பாணியே உள்ளது என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பு நெடுங்காலம் நின்றது. வரலாற்றறிஞர் பார்த்த மித்தர் 2007இல் வெளியான தம் நூலில் இதனை மறுத்தார். ஐரோப்பியர் ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து எடுத்தால் அது தூண்டுதல் எனப்படுகிறது, இந்தியர் ஐரோப்பியரிடமிருந்து எடுத்தால் அது போலச்செய்தல் எனப்படுகிறது. இந்த இரட்டை அளவுகோலை அவர் சுட்டிக்காட்டியது பெரிதும் பொருந்தும். பிக்காசோவை அளவுகோலாக வைத்தால் ககனேந்திரர் குறைவுபட்ட பிக்காசோவாகத்தான் தெரிவார். ககனேந்திரரையே அவர்க்கு அளவாக வைத்தால், காக்கையின் கருமையிலும் ஜீவன்ஸ்மிருதியின் விளக்கு நிழலிலும் தொடங்கிய ஒளித்தேடல் தனக்கு வேண்டிய கருவியை 1921இல் கண்டெடுத்தது என்பது விளங்கும்.

ஆர்ச்சரின் நூல் வந்த அதே 1959ஆம் ஆண்டு ஜனவரியில்தான் சி. சு. செல்லப்பா எழுத்து இதழைத் தொடங்கினார். அதில் வளர்ந்த புதுக்கவிதையை மேனாட்டு இறக்குமதி என்று நம் புலவர் பெருமக்கள் பலர் ஒதுக்கினர். யாப்பு அறியாதார் செய்யும் வித்தை என்றும் ஏசினர். நாவலும் சிறுகதையும் நம்மிடம் கடல் கடந்தே வந்தன என்பதை அவர்கள் மறந்தனர். இன்று புதுக்கவிதையை இறக்குமதி என்று ஒட்டன்சத்திரத்துக் கல்லூரி மாணவி எவளும் சொல்லமாட்டாள். தன் ஊர்ச் சந்தையில் விடியுமுன் இறங்கும் தக்காளிக் கூடையைப் பற்றி அவள் எழுதுவது அவ்வடிவில்தான். அந்தத் தக்காளியும் மிளகாயும் ஒருகாலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. மிளகாயில்லாக் குழம்பை நம் தமிழ்ச் சமையல் அல்ல என்று கூறும் அளவுக்கு அவை நமக்கு உரியவையாகிவிட்டன.

தாகூர் மரபின் ஒரு கிளை தமிழகத்திலும் வேர் பிடித்தது. அவனீந்திரரின் மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். சென்னைக் கடற்கரையில் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலையைக் காண்போர், அதை வடித்த சௌத்ரியின் குரு தெற்குத் தாழ்வாரத்தில் அண்ணன் அருகமர்ந்து வரைந்தவர் என்பதை எண்ணிக்கொள்ளலாம்.

ககனேந்திரர் சிறுவர்க்கெனப் போந்தோர் பகதூர் என்னும் வேடிக்கைக் கதையும் எழுதினார். நீர்நாய் ஒன்று வீரனாக வரும் கதையது. கேலிச் சித்திரக்காரரும் கனவு ஓவியரும் அதில் கைகோத்துக்கொள்கின்றனர்.

1930இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பேச்சு நின்றது, தூரிகை பிடிக்கும் ஆற்றலும் போயிற்று. அதே ஆண்டு மே மாதத்தில் பாரிசில் இரவீந்திரரின் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. முதுமையில் ஓவியம் தொடங்கிய சிற்றப்பா உலக அரங்கில் ஓவியராக ஏறிய பொழுதில், அவ்வீட்டின் துணிவு மிக்க ஓவியர் தாழ்வாரத்தில் வாய் பேசா நிலையில் அமர்ந்திருந்தார். எட்டாண்டுகள் அவ்வாறே கழிந்தன. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் உயிர் நீத்தார். அவனீந்திரர் தம் நினைவுகளை 1941இலும் 1944இலும் நூல்களாகத் தந்தபோது, அத்தாழ்வார நாள்களும் அதில் இடம்பெற்றன.

பின்னர் ஐந்தாம் எண் வீடு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. இந்திய அரசு தேசியக் கலைச் செல்வங்கள் என அறிவித்த படைப்புகளுக்குரிய ஒன்பது ஓவியருள் ககனேந்திரரும் ஒருவர். அவர் படங்களை விலைக்கு வாங்குவோர் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. தில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் அவருடைய படங்கள் உள்ளன. கல்கத்தா செல்லும் அன்பர்கள் ஜோராசாங்கோவில் இரவீந்திரர் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அங்குள்ள ரவீந்திர பாரதி அருங்காட்சியகத்தில் வங்க ஓவியர்க்குரிய அறைகளுக்கும் சென்று வருதல் வேண்டும்.